கும்பகோணத்தில் எடை குறைக்கும் ஊசி போடப் போகிறவர்கள் படிக்கவும்

என் அக்காவுக்கு நடந்ததை எழுதுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. கும்பகோணத்தில் மாடியில் நடக்கும் ஒரு ஸ்லிம்மிங் சென்டர் என்பது மட்டும் போதும். லேசர், முகப்பொலிவு, முடி உதிர்தல் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு. வாட்ஸ்அப்பில் "வாரம் ஒரு ஊசி, மூணு மாசத்துல 15 கிலோ" என்று படம் சுற்றியது. முட்டி வலியில் மாடிப்படி ஏற முடியாத அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அக்காவுக்கு வயது 47, எடை 88 கிலோ. பல வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறாள். பித்தப்பையில் கல் இருப்பதாகப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் உண்டு, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே போனாள். யாரும் கேட்கவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள்: பெயர், வயது, உயரம், எடை, போன் நம்பர். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, அதற்கடியில் கையெழுத்து. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை அக்கா தானாகவே சொன்னதற்கு, "அது பாட்டுக்கு அது போகட்டும் மேடம், இது சர்க்கரைக்கும் நல்லதுதான்" என்றாளாம் கவுண்டரில் இருந்த பெண். போர்டில் பெயர் இருந்த டாக்டரை அக்கா பார்க்கவே இல்லை. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. பேக்கேஜ் பணத்தை மட்டும் முழுதாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

ஊசியையும் உள்ளே இருந்து ஏற்கெனவே மருந்து ஏற்றிய இன்சுலின் சிரிஞ்சில்தான் கொண்டுவந்தார்கள். பெட்டி, குப்பி, பேட்ச் நம்பர் எதுவும் கண்ணில் காட்டவில்லை. அடுத்த வாரம் "ரிசல்ட் தெரியல" என்று டோஸை ஏற்றினார்கள். எடை குறைக்கும் ஊசி மருந்துகளில் டிர்செபடைட் என்பதை 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து 4 வாரம் அதிலேயே வைத்திருக்க வேண்டும். செமாக்ளூடைட் என்றால் 0.25 மில்லிகிராமில் ஆரம்பம், அதுவும் 4 வாரம். வயிறு பழகுவதற்கான காலம் அது.

அக்காவுக்கு வாந்தி நிற்கவில்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். சென்டருக்குப் போன் போட்டால், "எல்லாருக்கும் வர்றதுதான், எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க." இந்த நிலையில் ஆடி வெள்ளி வந்தது. மாவிளக்கு போட்ட பிறகுதான் சாப்பாடு என்பது அவள் வழக்கம், காலையில் மாத்திரையோடு அரைத் தம்ளர் பால் மட்டும் குடிப்பாள். இந்தமுறை பாலும் இறங்கவில்லை, மாத்திரை மட்டும் உள்ளே போனது. கோயில் வாசலிலேயே வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. வாந்தியில் உடம்பு நீர் வற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ரத்தத்தில் ஏறியிருந்தது.

டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஊசிம்மா போட்டாங்க?" எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "வெயிட் லாஸ் இன்ஜெக்‌ஷன்தான் சார்" என்று என் மாமாவுக்குப் பதில் வந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான். வாரம் ஒருமுறை போடும் மருந்து உடம்பை விட்டு ஒரு நாளில் போகாது. செமாக்ளூடைட் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், டிர்செபடைட்டுக்கு ஐந்து நாள். எது, எவ்வளவு என்று தெரியாமல் டாக்டர் என்னத்தைக் கணிப்பார்? கிளிமிபிரைடு வேறு நெடுநேரம் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி முழுக்க விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட கேள்விகள் முடிய அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, அதிலும் மெடுல்லரி வகையா? ஆம் என்றால் இந்த ஊசியே கூடாதாம். (தைராக்ஸின் மாத்திரை போடுகிற அக்காமார்கள் பயப்பட வேண்டாம், சாதாரணமாகத் தைராய்டு குறைவாகச் சுரப்பது வேறு, இது வேறு.) கணையம் வீங்கி எப்போதாவது படுத்ததுண்டா? பித்தப்பைக் கல்? உண்டென்றால் வேகமாக எடை இறங்கும்போது அது தொந்தரவு கொடுக்கலாம். சிறுநீரகம் எப்படி? கண்ணில் விழித்திரையைப் பார்த்து எத்தனை நாளாச்சு? சர்க்கரை பல வருடமாக இருப்பவர்களுக்கு அது திடீரென்று இறங்கினால் விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம் என்பதால் அந்தக் கேள்வி. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போடுகிறவர்களுக்கு அந்த அளவை முதலிலேயே குறைக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கும்பகோணத்தில் யாராவது சொல்லியிருந்தால் அக்கா கோயில் வாசலில் விழுந்திருக்க மாட்டாள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் செமாக்ளூடைட்டைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டிர்செபடைட் அதன் பலனைக் குறைக்கலாம், ஆரம்பித்த 4 வாரமும் ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய 4 வாரமும் வேறு பாதுகாப்பு வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இளைக்க வேண்டும் என்று இந்த மாதிரி இடங்களுக்குப் பெண்ணைக் கூட்டிப்போகிற அம்மாக்களிடம் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

மருந்தைத் திட்டி இதை எழுதவில்லை. மவுஞ்சாரோ (டிர்செபடைட்) 2025 மார்ச்சிலும் வெகோவி (செமாக்ளூடைட்) அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு முறைப்படி வந்தவைதான், டாக்டர் சீட்டு இருந்தால்தான் கடையில் கொடுக்க வேண்டும். தஞ்சாவூர் டாக்டரும் அக்காவுக்கு இது ஒருக்காலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பித்தப்பையை முதலில் பார்த்துவிடுவோம், கண்ணையும் காட்டிவிட்டு வாங்க, அப்புறம் யோசிக்கலாம் என்றார்.

பணம் திரும்ப வரவில்லை. "பேக்கேஜ் நான் ரீஃபண்டபிள்" என்று அந்தப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம், கிளினிக்குக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த அலுவலகம். பில்லும் பேட்ச் நம்பரும் இல்லாமல் மருந்து கொடுத்ததற்கு மருந்து ஆய்வாளரிடம் தனிப் புகார். பேக்கேஜ் ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்ததால்தான் புகாருக்கு ஆதாரம் கிடைத்தது, நீங்களும் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

அங்கே ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த ஊசிக்குப் போகாதீர்கள். வேறு எதற்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இந்த ஊசி வயிறு காலியாவதை மெதுவாக்கும் என்பதால் இரவிலிருந்து பட்டினி கிடந்தாலும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு.