முன் கண்ணாடி மாத்தினா கமராவ ஆர் சரிபார்க்கிற? என்ட ஜப்பான் கார் அனுபவம்

2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதிய 2025 பெப்ரவரி 1ல இருந்து எங்களப் போல ஆக்களுக்கும் திறந்து விட்டாங்க தானே, அதுக்குப் பிறகு கல்லடிப் பக்கம் ஆரக் கண்டாலும் ஒரே கதைதான், "அண்ணே உங்கட கார் தானா பிரேக் அடிக்குமாமே, அது உள்ளத எடுத்தா பெறுமதியா?" எண்டு. வட்ஸ்அப்புல வாற விளம்பரங்கள்லயும் ஃபுல் சேஃப்டி, கனெக்டட், ரேடார் பிரேக் எண்டு எல்லாத்தயும் ஒரே வரியில போட்டு சில லட்சம் கூட்டிக் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் அனுப்பிக் களைச்சுப் போனன், அதால எழுதியே போடுறன்.

என்ட கார் தடை வர முதலே வந்த 660 சிசி ரீகண்டிசன். கொம்பனிப் பேர் சொல்லல்ல, ஏனெண்டா நான் சொல்லப் போற கரைச்சல் எந்தக் கொம்பனி கார்லயும் வரும். பெற்றோல் எவ்வளவு குடிக்குது, ஏசி எப்பிடி, பார்ட்ஸ் என்ன விலை எண்டெல்லாம் யூடியூப்புல போதும் போதும் எண்டுற அளவுக்கு இருக்கு. நான் கதைக்கிறது முன் கண்ணாடியில, பின்னால பாக்கிற உள் கண்ணாடிக்கு மேல ஒட்டியிருக்கிற, தானா பிரேக் அடிக்க ரோட்டப் பாக்கிற அந்தச் சின்னக் கமராவப் பத்தித்தான்.

முதல்ல இந்தக் கனெக்டட் கதைய முடிச்சு விடுவம். காரும் காரும் கதைக்கிறத வி டு வி எண்டுறாங்க, காரும் ரோட்டுல நட்டிருக்கிற பெட்டியும் கதைக்கிறது வி டு ஐ, எல்லாத்தயும் சேர்த்துச் சொன்னா வி டு எக்ஸ். ஜப்பான்ல டொயோட்டா 2015ல இருந்து சில மொடல்களுக்கு ஐடிஎஸ் கனெக்ட் எண்டு ஒண்டு குடுக்குது, 760 மெகாஹேர்ட்ஸ்ல சந்தியில இருக்கிற கருவியோட கதைச்சு, நாம வலப்பக்கம் திரும்பேக்க எதிரால ஒரு வாகனம் வருதெண்டா நாம காண முதலே கார் சொல்லிரும். நல்ல சாமான், ஆனா சொல்லுறதுக்கு ரோட்டுல ஒரு ஆள் வேணுமே. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிச் சந்தியில அப்பிடி ஒரு பெட்டி இல்ல, கல்முனையிலயும் இல்ல. காருக்குள்ள இருக்கிற ஈடிசி பெட்டி 5.8 கிகாஹேர்ட்ஸ்ல ஜப்பான் ஹைவே கேட்டோட காசு குடுக்கக் கதைக்கிறது, நவிகேசன் செட்டுல வாற விஐசிஎஸ் அங்கத்த எஃப்எம் அலையில டிராஃபிக் விபரம் எடுக்கிறது, சில மொடல்ல கூரையில இருக்கிற எஸ்ஓஎஸ் பட்டன் ஜப்பான் நெட்வேர்க் சிம்முல அங்கத்த கோல் சென்டருக்கு எடுக்கிறது. இஞ்ச வந்து இறங்கின உடன எல்லாம் ஊமைதான். எங்களுக்கு அவசரம் எண்டா போன எடுத்து 1990 சுவசெரியா அம்புலன்சுக்குத்தான் அடிக்க வேணும், கார் அடிக்காது. ஐரோப்பாவுல 2018 மார்ச் 31க்குப் பிறகு அனுமதி எடுக்கிற புது மொடல் எல்லாத்துலயும் ஈகோல் கட்டாயம், பெரிய அடிபாடு எண்டா கார் தானாவே அங்கத்த அவசர இலக்கமான 112க்கு எடுத்து இடத்தையும் சொல்லும். அப்பிடி ஒண்டு இரவு பொத்துவில் ரோட்டுல, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல எங்களுக்கு இருந்தா எத்தின உசிரு மிஞ்சும் எண்டு நினைச்சா நெஞ்சு கனக்கும். இப்போதைக்கு இல்ல. அதனால கனெக்டட் எண்டு சொல்லி ஆரும் உங்களிட்ட ஒரு ரூபா கூடக் கேட்டாலும் குடுக்காதீங்க.

அந்த ஈடிசி பெட்டி வேற, சாவி போட்ட உடன ஜப்பான் பொம்பளக் குரல்ல கார்ட் போடல்ல எண்டு சொல்லும். எனக்கு வயர கழட்டி விட்டுத் தந்தாங்க, அதோட அது முடிஞ்சுது.

இஞ்சயும் வேலை செய்யிறது எது எண்டா, ஆரோடயும் கதைக்காம தானே பாத்து தானே முடிவெடுக்கிற சாமான்கள். கமராவும் லேசர் ரேடாரும். இதுல வாங்குற ஆக்கள் பிரிச்சுப் பாக்க வேண்டிய ஒண்டு இருக்கு, எச்சரிக்க மட்டும் செய்யிறது வேற, தானா கை வைக்கிறது வேற. லேன் டிபார்ச்சர் வார்னிங் எண்டா வெள்ளக் கோட்ட மிதிச்சா சத்தம் போடும், அவ்வளவுதான், ஸ்டியரிங்க அது திருப்பாது. லேன் கீப் அசிஸ்ட் எண்டாத்தான் ஸ்டியரிங்க மெல்ல இழுக்கும். அதே போல கொலிசன் வார்னிங் சத்தம் மட்டும், ஏஈபி, அதாவது தானா அவசர பிரேக் பிடிக்கிறது எண்டாத்தான் பிரேக் பிடிக்கும். விக்கிற ஆக்கள் எல்லாத்தயும் ரேடார் எண்டு ஒரே சொல்லுல முடிச்சிருவாங்க, கேட்டுத் தெளிஞ்சு கொள்ளுங்க.

என்ட கார்ல பிரேக் பிடிக்கிறது இருக்கு, அது எனக்குத் தந்த நிம்மதிய நான் மறைக்க மாட்டன். களுவாஞ்சிகுடி பசாருக்குள்ள ஒரு பின்னேரம், அம்மா முன் சீட்டுல, வலப்பக்க ஒழுங்கையால ஒரு பொடியன் மோட்டசைக்கிள்ல பாஞ்சு வாறான் எண்டு அவனப் பாத்துக்கொண்டு ஓட்டுறன், அந்த நேரம் என்ன முந்திக்கொண்டு வந்த பிரைவேட் பஸ் சிக்னல் ஒண்டும் போடாம நடு ரோட்டுல ஆள் ஏத்த நிண்டுட்டுது, என்ட கால் பெடலுக்குப் போகேக்குள்ளயே கார் சத்தம் போட்டு பிரேக்கப் பிடிச்சிட்டுது, பம்பருக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அம்மாவுக்கு பெல்ட் இறுகினது மட்டும்தான். அண்டைக்கு அந்தக் கமரா இல்லாட்டி என்ன நடந்திருக்கும் எண்டு இப்பவும் அந்த இடத்தால போகேக்க நினைப்பன்.

ஆனா எல்லாத்தயும் அது பாக்கும் எண்டு நினைச்சு ஓட்டக் கூடாது. மாடு ஆடு போல மிருகத்த அது காணும் எண்டு நம்ப வேணாம் எண்டு காரோட வந்த புத்தகத்துலயே எழுதியிருக்கு, எங்கட ரோட்டுல இரவுல படுத்துக் கிடக்கிறது முழுக்க மாடுதான். இங்கினியாகலைப் பக்கம் யானை வேற. பின்னுக்கு லைட் இல்லாம போற லேண்ட்மாஸ்டர் எண்டுற ரெண்டு சில்லு உழவு மெசின்ட பெட்டிய சில நேரம் சொல்லியிருக்கு, சில நேரம் சொல்லவே இல்ல. வேளாண்மை வெட்டுற காலத்துல அம்பாறைப் பக்கம் போனா ரோட்டு ஓரம் முழுக்க நெல்லு காயப் போட்டிருப்பாங்க, அதுக்கு விலத்தி நடுக் கோட்டுக்கு வந்தா லேன் வார்னிங் கத்திக்கொண்டே வரும். பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறுப் பக்கம் காத்துக்கு மணல் வந்து கோட்ட மூடினா அதுக்குக் கோடே தெரியாது. மே மாச வெயிலுக்குள்ள மத்தியானம் முழுக்க நிப்பாட்டி வச்சிட்டு எடுத்தா கமரா சூடு எண்டு கொஞ்ச நேரம் வேலை செய்யாது, மார்கழி மழை கொட்டினாலும் அதே கதை, பின்னேரம் செங்கலடியில இருந்து மேற்கால பதுளை ரோட்டுல போகேக்க சூரியன் நேரா அடிச்சாலும் அப்பிடித்தான். இதெல்லாம் நான் குறையா எடுக்கல்ல, பாக்க ஏலாட்டி ஏலாது எண்டு மீட்டர்ல லைட் போட்டு ஒழுங்காச் சொல்லுது.

என்னக் கோவப்படுத்தினது கார் இல்ல. முன்னால போன மணல் டிப்பரால ஒரு கல்லு தெறிச்சு முன் கண்ணாடி குறுக்கால வெடிச்சுப் போச்சு. கண்ணாடி மாத்துற இடத்துல வேலைக்கு விட முதலே கேட்டன், "இதுல கமரா இருக்கு, மாத்தின பிறகு அத எய்மிங் செய்யோணும், செய்வீங்களா?" எண்டு. எய்மிங் எண்டா கமரா நேராப் பாக்குதா எண்டு சரிபார்த்துத் திருத்துற வேலை. "ஓம் அண்ணே, எல்லாம் செஞ்சு தருவம்" எண்டாங்க. கண்ணாடி போட்ட வேலைய நான் குறை சொல்லவே மாட்டன், அடுத்து வந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளுக்க வரல்ல, அவ்வளவு சுத்தமான வேலை. கமராவயும் பழைய இடத்துல ஒட்டி, மீட்டர்ல எரிஞ்ச லைட்ட ஸ்கேனரால அழிச்சு, முடிஞ்சுது எண்டு தந்தாங்க. லைட் இல்ல, அப்ப எல்லாம் சரி எண்டுதானே ஆரும் நினைப்பாங்க.

செட்டிபாளையம் பக்கம் நேர் ரோட்டுல, புதுசாக் கோடு போட்ட இடத்துல, லேனுக்கு நடுவால நேரா ஓட்டுறன், இடப்பக்கம் மிதிக்கிறாய் எண்டு கத்துது. வலப்பக்கக் கோட்ட வேணுமெண்டே மிதிச்சுப் பாத்தன், சத்தமே இல்ல. வேற ஆளுட மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி அந்தக் கமரா ரோட்டப் பாத்துக்கொண்டு இருக்கு. இது சின்னப் பிழை இல்ல. கமரா 1 பாகை திரும்பினா 50 மீட்டர் தூரத்துல 87 சென்ரிமீட்டர் விலகும், 100 மீட்டர்ல ஒண்டே முக்கால் மீட்டர். ஒரு மோட்டசைக்கிளும் அதுல இருக்கிற ரெண்டு பேரும் எவ்வளவு அகலம் வருவாங்க? ஓரத்துல போறவன அது எனக்கு முன்னால நிக்கிறதா நினைச்சு சும்மா பிரேக் அடிக்கலாம், பின்னால வாற லொறி என்னில ஏறும். இல்லாட்டி முன்னால நிக்கிறவன ஓரம் எண்டு விட்டுரும். 70ல போனா ஒரு செக்கனுக்கு 19 மீட்டருக்கு மேல போறம், அதுக்குள்ள ஆர் திருத்துறது?

மறுகாப் போய்ச் சொன்னா, "அண்ணே லைட் எரியல்ல தானே, பிறகென்ன" எண்டுறாங்க. வேற ஒரு இடத்துல, அந்த சிஸ்டத்தயே ஓஃப் பண்ணி விடட்டா எண்டு கேட்டான். இன்னொருத்தர் ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டினா லைட் தெரியாது எண்டு சொன்னார். இத மனசு அறிஞ்சு எப்பிடிச் சொல்லுறாங்க எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல. இந்த நாட்டுல வருசத்துக்கு 2000 பேருக்கு மேல ரோட்டுல சாகுறாங்க, அதுல கன பேர் மோட்டசைக்கிள்ல போறவங்க. ஒரு லைட்ட மறைச்சுத் தாறது உதவி இல்ல.

செய்ய வேண்டியது என்ன எண்டா, சமமான நிலத்துல கார நிப்பாட்டி, டயர் காத்து சரியாப் பாத்து, உள்ளுக்க இருக்கிற பாரமெல்லாம் இறக்கி, முன்னுக்கு கொம்பனி சொன்ன தூரத்துல, சொன்ன உயரத்துல, கட்டம் போட்ட டார்கெட் பலகைய வச்சு, ஸ்கேனர மாட்டி கமராவுக்கு நேர் எது எண்டு படிப்பிக்கோணும். சில மொடலுக்குப் பலகை இல்லாம, நல்லாக் கோடு போட்ட ரோட்டுல ஓட்டியே செய்யலாம். எனக்குப் பலகைதான். இஞ்ச நான் கேட்ட ஒரு இடத்துலயும் அந்தப் பலகை இல்ல, 300 கிலோமீட்டருக்கு மேல ஓடி கொழும்புல செஞ்சன், அதுவும் சரியாப் பாக்காத கமராவ ஓஃப் பண்ணி வச்சிட்டுத்தான் அவ்வளவு தூரமும் போனன். வேலை பெரிய நேரம் எடுக்கல்ல. திரும்பி வரேக்க கார் பழையபடி, கோட்ட மிதிச்சாச் சொல்லுது, மிதிக்காட்டி பேசாம வருது.

எங்கட பொடியன்கள் கெட்டிக்காரங்கள், ஹைபிரிட் பெட்டரிய ஒவ்வொரு செல்லாக் கழட்டித் திருத்துறாங்க, இந்தப் பலகை வேலை அவங்களுக்கு ஒரு பெரிய விசயமே இல்ல. மட்டக்களப்புலயோ கல்முனையிலயோ ஆராவது ஒருத்தர் அந்தப் பலகையும் சமமான நிலமும் வச்சு ஒழுங்கா இதைச் செய்யத் தொடங்கினா முதல் ஆளா நானே நாலு பேரக் கூட்டிக்கொண்டு போவன்.

இப்ப, தானா பிரேக் பிடிக்கிறதுக்காகக் கூடக் காசு குடுத்து வாங்கலாமா எண்டு கேட்டா, இஞ்ச எய்மிங் செய்ய இடம் கிடைக்காததால வாங்காதீங்க எண்டுதான் சொல்லுவன். இவ்வளவு புகழ்ந்து போட்டு இப்பிடிச் சொல்லுறான் எண்டு நினைச்சாலும் பரவாயில்ல. அந்த சில லட்சத்துக்கு ரெண்டு எயார்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள நல்ல கண்டிசன் காரா எடுத்து, நல்ல டயர் போட்டு, எல்லாரும் பெல்ட் போட்டு ஓட்டுங்க, அதுக்கு பலகை தேவையில்ல. என்ட கார விக்கிறனா எண்டா, விக்க மாட்டன், களுவாஞ்சிகுடி பஸ்ஸ நான் மறக்கல்ல.

ஏற்கனவே பேசி முடிச்சிட்டன், அட்வான்சும் குடுத்திட்டன் எண்டுற ஆக்கள், காசு கட்ட முதல் மூண்டு விசயம் பாருங்க. சாவிய ஓன் பண்ணேக்க மீட்டர்ல இந்தக் கமரா சிஸ்டத்துக்குரிய ஒரேஞ்ச் லைட் ஒருக்கா எரிஞ்சு அணையோணும், எரியவே இல்ல எண்டா ஆரோ கை வச்சிருக்கலாம். முன் கண்ணாடி மூலையில இருக்கிற கொம்பனிக் குறி கதவுக் கண்ணாடிகள்ல உள்ளதோட ஒண்டா எண்டு பாருங்க, வேற எண்டா கண்ணாடி மாத்தியிருக்கலாம், கமரா எங்க எய்மிங் செஞ்சது எண்டு பில்ல கேளுங்க. மேல சன் ஃபிலிம் பட்டி கமராவ மறைக்குதா எண்டும் பாருங்க.

கடைசியா இன்சூரன்ஸ். கண்ணாடிக்குக் காசு தந்தாங்க, எய்மிங்குக்குத் தர ஏலாது எண்டுட்டாங்க, அது ரிப்பேர் இல்லையாம். கண்ணாடியோட சேர்ந்த வேலை அது, அது இல்லாம கார் பாதுகாப்பா இல்ல எண்டு கொழும்பு பில்லையும் கார் புத்தகத்துல இதப் பத்தி உள்ள பக்கத்தையும் வச்சுக் கடிதம் போட்டிருக்கன். இதே மாதிரி காசு கிடைச்ச ஆக்கள் ஆரும் இருந்தா எப்பிடி எழுதினீங்க எண்டு சொல்லுங்க, பதில் வந்தா நானும் போடுறன்.