தமிழ்நாடு அரசோட பே-ரோல் மானியம்: மூணு வருஷமா யூஸ் பண்ணின என் ரிவியூ, 5க்கு 3.5

திருப்பூர் பக்கம் எந்த சின்ன பனியன் கம்பெனிக்குள்ளயும் போய் எத்தன ஆளுங்கன்னு கேளுங்க, 18ம்பாங்க, மிஞ்சிப்போனா 19ம்பாங்க. 20ன்னு வாய் தவறிக்கூட வராது. 20 ஆள் ஆயிருச்சுன்னா பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சட்டம் உள்ள வந்துரும்ல, ஆளுக்கு ஆள் முதலாளியும் பங்கு கட்டணும், அதான். 25 டேபிள் ஓடற எடத்துல வீட்டுக்காரம்மா பேர்ல ஒரு கம்பெனி, மச்சினன் பேர்ல ஒரு கம்பெனின்னு ரெண்டு போர்டு மாட்டி ஓட்டறவங்கள நானே பாத்திருக்கேன். பாத்திருக்கேன் என்ன, நானே அப்படித்தான் பிளான் போட்டேன். 2022 ஆயுதபூஜைக்கு பல்லடம் தாண்டி புதுசா யூனிட் ஆரம்பிக்கறப்ப வாடகை அக்ரிமெண்டே ரெண்டா எழுதலாம்னு தான் பேச்சு.

அப்ப தான் ஆடிட்டர் ஆபீஸ்ல ஒருத்தர் இந்த ஸ்கீம சொன்னாரு. மெஷின் மானியம் எல்லாருக்கும் தெரியும், 25 சதவீதம், ஒன்றரை கோடி வரைக்கும், அதத்தான் எல்லாரும் ஓடி ஓடி வாங்கறாங்க. கரண்டு பில்லுல 20 சதவீதம் மூணு வருஷத்துக்கு திரும்ப வரும்ங்கறதும் பாதி பேருக்கு தெரியும். ஆனா ஸ்டேட் கவர்மெண்டோட 2021 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) பாலிசில இன்னொண்ணு இருக்கு, புதுசா ஆரம்பிக்கற உற்பத்தி யூனிட்ல 20 பேருக்கு மேல வேலைக்கு வெச்சா, முதலாளி பங்கா நாம கட்டற பிஎஃப மொத மூணு வருஷத்துக்கு ஸ்டேட் கவர்மெண்ட் திருப்பி குடுக்கும், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 24,000 ரூபா வரைக்கும். அதாவது எந்த 20ஐ பாத்து நாம ஓடறமோ அதே 20ஐ தாண்டுனா காசு. யாரு யோசிச்சாங்களோ, எங்க ஊர நல்லா தெரிஞ்ச ஆளா இருக்கணும்.

24,000ங்கறது சும்மா வெச்ச நம்பர் இல்லீங்க. பிஎஃப் கட்டாய லிமிட் 15,000 சம்பளம், அதுல 12 சதவீதம் 1,800, வருஷத்துக்கு 21,600. ஆக சட்டப்படி கட்டாயமா கட்ட வேண்டியது மொத்தமும் இந்த லிமிட்டுக்குள்ள அடங்கிரும். எங்கள்ட்ட பிஎஃப் சம்பளம் ஆவரேஜா 12,000, ஆளுக்கு மாசம் 1,440. 26 பேருக்கு 37,440, வருஷத்துக்கு கிட்டத்தட்ட நாலரை லட்சம். பீஸுக்கு பத்து காசு ஏத்தி கேட்டாலே மொறைக்கற ஜாப்வொர்க் லைன்ல (அடுத்தவங்க ஆர்டர கூலிக்கு தெச்சுக் குடுக்கறது) இது பெரிய காசு.

இத பாத்துட்டு மொத்த செலவும் திரும்ப வந்துரும்னு நினைச்சுராதீங்க. பிஎஃப் கூடவே இன்சூரன்ஸ் அரை சதவீதம், நிர்வாக சார்ஜ் அரை சதவீதம்னு ஒரு சதவீதம் தனியா போகும். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) 3.25 சதவீதம் முழுசா நம்ம தலைல. 26 பேருக்கு இஎஸ்ஐ மட்டும் மாசம் பத்தாயிரத்துக்கு மேல வந்துருது. அப்பறம் முக்கியமான விஷயம், இது கட்டிட்டு திரும்ப வாங்கற ஸ்கீம். மாசா மாசம் 15ம் தேதிக்குள்ள நம்ம கைக்காசுல கட்டிரணும், திரும்ப வர்றது அப்பறம் தான். பார்ட்டிகிட்ட பில் காசு 60 நாள் 90 நாள்னு இழுத்துட்டு கெடக்கறப்ப 15ம் தேதிக்கு ரெடி பண்றது இருக்கே, அத கட்டி ஓட்டுனவனுக்குத்தான் தெரியும். ரொட்டேஷனுக்கு காசு இல்லாதவங்க மானியத்த நம்பி எறங்காதீங்க.

இதுல உண்மையான கஷ்டம் ஆளுங்கள பிஎஃப்க்கு சம்மதிக்க வெக்கறது தான். எங்க லைன்ல வாரச் சம்பளம், சனிக்கிழம சாயங்காலம் கவர்ல போட்டு கைல குடுத்தா தான் சம்பளம். செக்கிங்ல ஒரு அக்கா இருக்காங்க, அம்பத நெருங்கற வயசு, மொத வாரம் கவர பிரிச்சு எண்ணி பாத்துட்டு நேரா டேபிளுக்கு வந்துட்டாங்க. "ஏங் கண்ணு, முந்நூத்தி சொச்சம் கொறையுதே"ன்னாங்க. பிஎஃப்க்கா, உங்க பேர்ல தான் ஏறுது, நானும் அதே அளவு போடறேன்னு சொன்னேன். "அந்த வெங்காயமெல்லாம் வேண்டாஞ் சாமி, என்ர காச என்ர கைல குடுத்துரு, பழைய கம்பெனிலயும் இப்படித்தான் புடிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் ஒத்த ரூவா கண்ணுல பாக்கல"ன்னு கவர டேபிள் மேல வெச்சுட்டு நிக்கறாங்க. பின்னாடி நாலு பேர் வேடிக்க. அன்னைக்கு ராத்திரி அந்தம்மாவோட பழைய பிஎஃப் நம்பர தேடி எடுத்தா, ஆதார்ல ஒரு பேரு பிஎஃப்ல ஒரு பேரு, இனிஷியல் முன்னாடி பின்னாடி. அத சரி பண்ண ரெண்டு மாசம். சரியானதும் பழைய காசு பதினோராயிரமும் வட்டியும் அப்படியே உள்ள கெடக்கு. போன்ல காட்டுனேன், ஒண்ணும் பேசல, முந்தானைல மூஞ்சிய தொடச்சுட்டு போயிட்டாங்க. அடுத்த வாரத்துல இருந்து புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு பிஎஃப் பத்தி கிளாஸ் எடுக்கறதே அவங்க தான்.

இதே மாதிரி 26 பேருக்கு 26 கதை. ஒடிசா பசங்களுக்கு ஆதார்ல போன் நம்பர் வேற, பேங்க்ல பொறந்த தேதி வேற. கைமடிக்கு (டெய்லர் பக்கத்துல கையாள் வேலை) வர்ற பசங்க தீபாவளிக்கு போனா பாதி பேர் திரும்ப வர்றதில்ல, அப்பறம் புது ஆள், புது நம்பர், மறுபடி மொதல்ல இருந்து. 26ன்னு சொல்றேனே தவிர எல்லா மாசமும் 26 இருந்ததில்ல, சில மாசம் 22ல வந்து நின்னப்ப எனக்கு வயித்த கலக்கும், 20க்கு கீழ போயிருமோன்னு. முன்ன 20 ஆயிருமோன்னு பயந்தவன் இப்ப 20 இல்லாம போயிருமோன்னு பயப்படறேன், பாருங்க வெளையாட்ட.

அப்ளை பண்றது ஆன்லைன் தான். உத்யம் (எம்எஸ்எம்இ பதிவு) சர்டிபிகேட், மாசா மாசம் போட்ட இசிஆர் (பிஎஃப் ரிட்டர்ன்), சலான், ஆள் லிஸ்ட்னு எல்லாம் தயாரா இருந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சரலாம். எனக்கு ஒருதடவ திரும்பி வந்துச்சு, அது என் தப்பு, உத்யம்ல கம்பெனி பேர் கடைசில 'ஸ்' இருக்கு, பிஎஃப்ல இல்ல. ஒத்த எழுத்துக்கு ஆறு வாரம் அலைஞ்சேன். ஆரம்பிக்கறப்பவே ஜிஎஸ்டி, உத்யம், பிஎஃப், பேங்க் நாலுலயும் பேர எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்துருங்க. நடுவுல ஒரு கன்சல்டன்ட் வந்து எல்லாம் நான் பாத்துக்கறேன் வர்றதுல 15 பர்சன்ட் குடுங்கன்னாரு. எதுக்குங்க? ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்றதுக்கு அறுபதாயிரமா? வேண்டாம்னு அனுப்பிட்டேன், நல்லதா போச்சு. மொத வருஷத்துக்கு மூணே கால் லட்சத்துக்கு கொஞ்சம் மேல வந்துச்சு.

அப்பறம் ஒன்றரை ஸ்டார் ஏன் கொறச்சேன்னு கேப்பீங்க. 2024-25 பட்ஜெட்ல ஜிசிசின்னு சொல்றாங்களே, வெளிநாட்டு கம்பெனிங்க இங்க வெக்கற பெரிய ஆபீஸ், அதுக்கு பே-ரோல் மானியம் அறிவிச்சாங்க. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல சம்பளம் இருக்கற வேலைக்கு மொத வருஷம் சம்பளத்துல 30 சதவீதம், அடுத்த வருஷம் 20, மூணாவது வருஷம் 10. லட்ச ரூபா சம்பளக்காரர ஒருத்தர வெச்சா மாசம் முப்பதாயிரம், எங்க செக்கிங் அக்காவ வெச்சா 1,440. அதே பட்ஜெட்லயே பொம்பளைங்க, மாற்றுத்திறனாளிங்க, திருநங்கைகள வேலைக்கு வெக்கற புது கம்பெனிக்கு சம்பளத்துல 10 சதவீதம் ரெண்டு வருஷத்துக்குன்னாங்க, சந்தோஷமா படிச்சுட்டே போனா 500 பேருக்கு மேல இருக்கணுமாம். என்கிட்ட 26ல 17 பேர் பொம்பளைங்க தான், ஆனா 500க்கு நான் எங்க போறது. பெரிய கம்பெனிக்கு குடுக்கறதே தப்புன்னு சொல்லல, ஆனா ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006ல ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல சாத்திட்டு போனத பாத்தவங்க தானே நாம.

சென்ட்ரல் கவர்மெண்டும் 2025 ஆகஸ்ட்ல இருந்து ஒண்ணு விட்டிருக்கு, புது ஆளுக்கு முதலாளிக்கு மாசம் மூவாயிரம் வரைக்கும், நம்ம சம்பள லெவலுக்கு ரெண்டாயிரம், மொதமொதல்ல வேலைக்கு வர்றவங்களுக்கு ரெண்டு தவணையா 15,000 வரைக்கும். 50 பேருக்கு கம்மியா இருக்கற யூனிட்னா கூடுதலா ரெண்டு பேரயாவது சேக்கணும், ஆறு மாசம் நிக்கணும். ஆளுக்கும் காசு வர்றதால பிஎஃப் வேண்டாம்னு கவர டேபிள்ல வெக்கற சண்ட கம்மியாகும்னு நினைக்கறேன். ஸ்டேட் ஸ்கீம்ல தொழிலாளிக்கு நேரா ஒரு பைசா போறதில்ல, அது எனக்கு ஒரு கொறையாவே படுது.

இதனால நான் ஆள் சேத்தேனான்னு கேட்டா, இல்ல. ஆர்டர் இருந்துச்சு, சேத்தேன். 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டப்ப தெக்கறதுக்கு வர்ற கட்டிங்கே பாதியா கொறஞ்சுச்சு, அப்ப ஆளுக்கு ரெண்டு மடங்கு மானியம்னாலும் எந்த டேபிள்ல உக்கார வெக்கறது? ஆனா சேத்த 26 பேரும் கணக்குல இருக்காங்களே, அது இந்த ஸ்கீம் இல்லேன்னா நடந்திருக்காது, அத சத்தியம் பண்ணி சொல்லுவேன். புதுசா யூனிட் போடறவங்க, எப்படியும் 22, 25 ஆள் தேவப்படும்னு தெரிஞ்சா தைரியமா ஒரே பேர்ல போடுங்க. 12 ஆள் போதும்ங்கறவங்க இதுக்காக இழுத்து விட்டுக்காதீங்க.

2025 ஆயுதபூஜையோட எனக்கு மூணு வருஷம் முடிஞ்சுது. இனி 12 சதவீதமும் நம்ம பாக்கெட்ல இருந்து தான். அந்த சமயத்துல மச்சினன் வந்து, "மாமா, மானியம் தான் முடிஞ்சிருச்சே, இப்பவாவது ரெண்டா பிரிச்சு 13, 13ன்னு காட்டிரலாமா"ன்னு மெதுவா கேட்டான். இல்ல மாப்ள, ஒருதடவ பிஎஃப்குள்ள வந்துட்டா ஆள் 20க்கு கீழ போனாலும் வெளிய வர முடியாது, சட்டம் அப்படின்னேன். கொஞ்ச நேரம் டீய ஆத்திட்டே உக்காந்திருந்தான். "இத மூணு வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்கு தெரியுமா மாமா?"ன்னான். தெரியும்னேன்.