செவோவா, டெஸ்ஸா?

நாலு வயசுக் குழந்தை அழுதுகொண்டே ஆபரேஷன் தியேட்டருக்குள் வருகிறது. ஊசி போடக் கையைக் கொடுக்காது. அந்த இடத்தில், மூச்சில் இழுக்கவைக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளுரேனுக்கு (செவோ) போட்டியே கிடையாது. வாடை உறுத்தாது, மாஸ்க்கை முகத்தருகே பிடித்து 8 சதவீதம் வரை திறந்தால் கொஞ்ச நேரத்தில் கண் செருகிவிடும். அதே வகை மருந்தான டெஸ்ஃப்ளுரேனை (டெஸ்) அப்படிக் கொடுத்தால் இருமும், மூச்சை அடக்கும், குரல்வளை இறுகிக்கொள்ளும்.

இரண்டும் ஈதர் வம்சம்தான். 1846-ல் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் மயக்க மருந்தாகக் கொடுத்துக் காட்டிய ஈதர் தீப்பற்றும். ஃப்ளூரின் ஏறிய இந்தப் பேரப்பிள்ளைகளிடம் அந்தப் பயம் இல்லை.

டெஸ் ஜெயிப்பது கண் விழிப்பில். ரத்தத்தில் கரையும் விகிதம் டெஸ்ஸுக்கு 0.42, செவோவுக்கு 0.65, பழைய ஈதருக்கோ 12. குறைவாகக் கரைவது மூச்சோடு சீக்கிரம் வெளியேறிவிடும். பருமனான நோயாளி, ஆறு மணி நேர ஆபரேஷன் என்றால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒரு மணி நேர ஹெர்னியாவில் மிச்சமாவது சில நிமிஷம். டிராலி வந்து சேரவே அதைவிட நேரமாகும்.

அந்தச் சில நிமிஷத்துக்கு டெஸ் கேட்கும் விலை அதிகம். அதன் கொதிநிலை சுமார் 23 டிகிரி. ஏசி நின்றுபோன சென்னை அறையில் கிண்ணத்தில் ஊற்றினால் அங்கேயே கொதிக்கும். மருந்தை ஆவியாக்கித் தரும் சாதாரண வேப்பரைசர் தாங்காது. கரண்டில் 39 டிகிரிக்குச் சூடாகும் தனி வேப்பரைசர் வேண்டும். கத்தி படும்போது பாதிப் பேர் அசையாமல் கிடக்க செவோ 2 சதவீதம் போதும், டெஸ் 6 தேவை. டெஸ் டயலைச் சட்டென்று ஏற்றினால் நாடித்துடிப்பும் பிபியும் எகிறும். இதய நோயாளிக்கு அது ஆகாது.

போதாததற்குச் சூழல் கணக்கு. 1 கிலோ டெஸ் 100 ஆண்டில் சுமார் 2,500 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடேற்றும்; செவோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்காட்லாந்து 2023-ல் டெஸ்ஸை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே எடுக்கலாம்.

செவோவும் உத்தமன் இல்லை. மயக்கம் தெளிகிற குழந்தை சில சமயம் அம்மாவையே அடையாளம் தெரியாமல் உதைத்துக் கத்தும். தானாக அடங்கிவிடும்தான், ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெற்றவர்கள் பதறிப்போவார்கள்.

வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது உடம்பு கட்டையாகி, காய்ச்சல் எகிறியதுண்டா என்று கேட்காமல் நான் எதையும் திறப்பதில்லை. உண்டு என்றால், அதைத் தூண்டிவிடக்கூடிய இந்த இரண்டுமே வேண்டாம். புரோபோஃபால் என்ற மயக்க ஊசியிலேயே முழு ஆபரேஷனும்.