நிலக்கீழ் அறை வடிகாலுக்கு 25 அடிச் சுருள்கம்பி: மூன்று ஆண்டுப் பாவனைக்குப் பின்

2022 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் அம்மா உடுப்புத் தோய்க்கப் போட்டுவிட்டு மேலே வந்த அரை மணித்தியாலத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபெர்னஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தரை வடிகாலின் வழியாகச் சாம்பல் நிறச் சவர்க்காரத் தண்ணீர் மேலெழுந்து அரிசி மூட்டைகள் வரை பரவிவிட்டது. இரண்டு மூட்டை அரிசியைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. அன்று மாலை கடைக்குப் போய் நான் வாங்கி வந்த கருவியைப் பற்றியே இந்த மதிப்புரை. கையால் சுற்றும் 25 அடிச் சுருள்கம்பி அது. கடையில் ட்ரெயின் ஸ்னேக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான் கொடுத்த விலை 40 டொலருக்கு உட்பட்டது. இதே வடிவத்தில் பல நிறுவனங்கள் செய்து விற்பதால் எந்தப் பெயரையும் நான் முன்வைக்கவில்லை.

பிளாஸ்ரிக் குடுவை ஒன்றினுள் கால் அங்குலத் தடிப்புள்ள எஃகுக் கம்பி சுருண்டிருக்கும். கம்பியின் நுனி சிறிய குமிழ்போல் பருத்திருக்கும்; கம்பியை இறுக்கிப் பிடிக்கக் குடுவையின் வாயில் ஒரு திருகும், சுழற்றப் பின்புறத்தில் ஒரு கைப்பிடியும் உண்டு. கம்பியை அடைப்பு வரை தள்ளி, ஏழெட்டு அங்குலம் வெளியே விட்டுத் திருகை இறுக்கி, கைப்பிடியை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். உறையில் இருக்கும் விளக்கம் இவ்வளவுதான். தரை வடிகாலில் இந்தக் கம்பியை எந்த வழியாக உள்ளே விடுவது என்ற, எல்லாவற்றிலும் முக்கியமான விடயத்தை அது சொல்வதில்லை.

முதல் முக்கால் மணித்தியாலத்தை நான் வீணாக்கியது அதனால்தான். சல்லடையைத் திருப்புளியால் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த துவாரத்தினுள் நேரே கம்பியைச் செலுத்தினேன். தரை வடிகாலின் அடியில் குழாய் கொக்கிபோல் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கம்பி அந்த வளைவில் முட்டி, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு திரும்பித் திரும்பி மேலே வந்தது. பிறகு தேங்கிய தண்ணீரைக் கோப்பையால் அள்ளி, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுக் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, சல்லடைக்குக் கீழுள்ள கிண்ணத்தின் பக்கச் சுவரில் பித்தளை மூடியொன்று தெரிந்தது. பிளம்பர்கள் கிளீன்-அவுட் என்று சொல்லும் வழி அதுவே. அதைத் திறந்தால் வளைவைத் தவிர்த்துக் கம்பி நேரே அப்பால் உள்ள குழாய்க்குள் இறங்கும். எங்கள் வீடு 1960களில் கட்டப்பட்டது. அந்த மூடியை அதன் பின்னர் எவரும் திறந்ததாகத் தெரியவில்லை. கறள்நீக்கி எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் காலை பெரிய குறட்டால் மெல்ல மெல்ல அசைத்த பிறகே அது வழிக்கு வந்தது. அவசரப்பட்டு அடித்திருந்தால் வார்ப்பிரும்புக் கிண்ணம் வெடித்துத் தரையையே உடைக்க நேர்ந்திருக்கும்.

அந்த வழியாக விட்டபோது, ஏறத்தாழ 12 அடியில் கம்பி மெத்தென்ற ஏதோவொன்றில் இறங்கியது. கல்லில் முட்டினால் கை அதிரும். வளைவில் முட்டினால் கம்பி நெளியும். இது ஈரக் கம்பளிக்குள் விரலை விட்டதுபோல் இருந்தது. தள்ளாமல் சுற்றிக்கொண்டே மெதுவாகப் பின்னிழுத்தேன். முழங்கை நீளத்துக்குச் சாம்பல் நிறத் திரியொன்று கம்பியோடு வெளியே வந்தது. உடுப்பிலிருந்து உதிரும் நூல்தூசியும் தலைமயிரும் சவர்க்காரப் பசையால் ஒட்டி இறுகிப்போன திரி அது. அதன் நடுவில் சேலைக்குக் குத்தும் ஊக்கு ஒன்று கறள் பிடித்துக் கிடந்தது. அந்த ஊக்கில் சிக்கியே மற்றவை சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று முறை விட்டெடுத்த பிறகு ஐந்து வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் தங்கவில்லை. மூடியின் புரிகளில் டெஃப்ளோன் நாடா சுற்றி மீண்டும் இறுக்கினேன். இதை எவரும் தவறவிடக் கூடாது. மூடி திறந்து கிடந்தால் வளைவில் தண்ணீர் இருந்தும் பயனில்லை. வாயு பக்கவழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

ஆனால் இந்தக் கருவியின் எல்லை எது என்பதை 2024 வசந்தத்தில் தெளிவாகக் கண்டேன். மேல்மாடி மலசலகூடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால், கீழே தரை வடிகாலில் நீர்மட்டம் உயர்ந்தது. அப்படி நடந்தால் கோளாறு வடிகாலில் இல்லை. வீடு முழுவதற்குமான பிரதான குழாயில் அடைப்பு இருக்கிறது. வீட்டின் மிகத் தாழ்ந்த வாய் தரை வடிகால் என்பதால், போக வழியில்லாத தண்ணீர் அங்கே முதலில் தலைகாட்டுகிறது. முதலாவது அடைப்பின்போது இதே சோதனையைச் செய்தேன். அப்போது நீர்மட்டம் அசையவில்லை, ஆகவே அடைப்பு, வடிகாலிலிருந்து பிரதான குழாய்க்குப் போகும் கிளைக் குழாயோடு நின்றது. பிரதான குழாய் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ அகலமானது. கால் அங்குலக் கம்பி அதற்குள் நூலைப் போல் ஆடும், குழாய்க்குள் வளர்ந்த மரவேரை அறுக்க அதனால் முடியாது. நான் அழைத்த நிறுவனத்தின் ஆள் கமெராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்காமலே தரையைத் தோண்ட வேண்டும் என்றார். பல்லாயிரம் டொலர் கேட்டார். நான் சம்மதிக்காமல் மாநகரசபையின் சேவை எண்ணான 311க்கு அழைத்தேன். ரொறன்ரோவில் காணி எல்லையிலிருந்து வீதிக் குழாய் வரையுள்ள பகுதி மாநகரசபையின் பொறுப்பு. அவர்களுடைய ஊழியர்கள் வந்து பார்த்தபோது வேரடைப்பு அந்தப் பகுதியிலேயே இருந்தது, அவர்களே அகற்றினார்கள். அந்த அழைப்புக்கு முன் எவரும் தரையைத் தோண்ட ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கம்பிக்கு மாற்றாக, அடைப்பைக் கரைக்கவென்று கடைகளில் விற்கப்படும் காரத் திரவங்களை நான் பரிந்துரைக்கவில்லை. முழுதாக அடைத்த தரை வடிகாலில் அவை அடைப்பைச் சென்றடையாமல் வளைவிலேயே தேங்கும். அதன் பிறகு கம்பியை விட்டெடுத்தால் அந்தக் காரம் கண்ணிலும் கையிலும் தெறிக்கும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், வருகிற பிளம்பரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடைப்பு மீண்டும் வராமலிருக்க நாங்கள் செய்தவை அதிகமில்லை. சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாய் நுனியில் சிறிய வலைப்பையைக் கட்டினோம். மூன்று வாரத்தில் அது நிறைந்துவிடுவதைப் பார்த்தபோதுதான், இவ்வளவு தூசியும் முன்பு எங்கே போனது என்று விளங்கியது. பொரித்த எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதை நிறுத்தினோம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உறையத் தொடங்கும்; ரொறன்ரோவில் நிலத்தடிக் குழாய் குளிர்காலத்தில் அதைவிட மிகக் குளிராக இருக்கும் என்பதால், எங்கள் சமையலறைகளுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும். குளிர்காலத்தில் ஹீட்டரின் வறண்ட காற்றில் வளைவிலுள்ள தண்ணீர் ஆவியாகிவிடுவதால், மாதம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறோம். பேஸ்மென்டில் காரணமில்லாமல் சாக்கடை நாற்றம் வந்தால் முதலில் செய்ய வேண்டியதும் அதுவே.

பெருமழையில் வீதிக் குழாய் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் திரும்புவது வேறு விடயம். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவான 2013 ஜூலை 8ஆம் திகதியிலும், ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் பதிவான 2024 ஜூலை 16ஆம் திகதியிலும் பேஸ்மென்ட்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதைத் தடுக்க, தண்ணீரை வெளியே மட்டும் போகவிடும் பின்னோட்டத் தடுப்பு வால்வு வேண்டும். அனுமதிப் பத்திரம் எடுத்து, உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்த வேண்டிய வேலை அது. மாநகரசபை மானியமும் தருகிறது.

மூன்று ஆண்டில் இந்தக் கம்பியில் நான் கண்ட குறைகள் இரண்டு. ஈரத்தோடு குடுவைக்குள் சுருட்டினால் ஒரே மாதத்தில் கறள் பிடிக்கிறது. துணியால் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் தடவியே வைக்க வேண்டும். கம்பியை இறுக்கும் திருகின் பிளாஸ்ரிக் தலை இரண்டாம் ஆண்டில் வெடித்துவிட்டது. இப்போது குறட்டால் திருகுகிறேன். உலோகக் குடுவையும் உலோகத் திருகும் உள்ள வகை கூடுதலாகப் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்குமானால் அதையே வாங்கலாம். தடித்த இறப்பர் கையுறையும் கண்ணாடியும் இதே பயணத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுழலும் கம்பியில் துணிக் கையுறை சிக்கினால் விரலில் காயம் ஏற்படலாம்.