சமுதாயக் கல்லூரியில் ஃபேஷன் டிசைன்: படித்து மூன்று வருடம் கழித்து

நேற்று என் பவர் மெஷினில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், மிதித்ததும் பாய்கிற பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து வைக்க முடிகிற சர்வோ மோட்டார் போட்டேன். மெக்கானிக் வேகத்தைக் குறைத்து வைத்து, "மிதிச்சுப் பாருங்கக்கா" என்றார். மிதித்தேன். ஒவ்வொரு தையலாக, சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

சமுதாயக் கல்லூரியில் ஒரு வருட ஃபேஷன் டிசைன் டிப்ளமோ முடித்தவள் நான். கட்டணம், பாடத்திட்டம் எல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். 1995-ல் புதுச்சேரியில் இந்தக் கல்லூரி முறை தொடங்கியதே, படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் ஒரு தொழில் கைக்கு வர வேண்டும் என்றுதான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து நான் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது அதனால்தான்.

ஆனால் எங்கள் தையல் கூடத்தில் இருந்ததெல்லாம் கால் மெஷின். பவர் மெஷின் ஒன்றே ஒன்று, அதற்கு இருபத்தெட்டு பேர். வாரத்துக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. பெல்ட் அறுந்து இரண்டு மாதம் மூடியே கிடந்தது.

அப்புறம் பயிற்சிக்குத் திருப்பூரில் ஒரு யூனிட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓடக்கூடிய மெஷின்கள். கால் மெஷினில் பழகிய கால் மெதுவாக அழுத்தத் தெரியாமல் அழுத்தும், துணி கையை விட்டு ஓடும். இரண்டாம் நாள் ஊசி நகத்தில் இறங்கியது. சூப்பர்வைசர் என்னைப் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார். மீதிப் பயிற்சி நாட்கள் முழுக்கப் பிசிறுதான் வெட்டினேன். வேகத்தைக் குறைத்து வைத்த ஒரு மெஷினில் பத்து நாள் பழகியிருந்தால் போதும், எனக்கு அந்த அவமானம் இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். துணி வெட்டும் வரைபடம் போடக் கற்றுத்தந்த பேட்டர்ன் மிஸ் மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை. படிக்கும் முன்பு அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான் வெட்டுவேன். அதிலிருந்த தப்பும் சேர்ந்தே வரும். கை தூக்கினால் ப்ளவுஸ் மேலே ஏறுகிறது என்றால் ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்தும் குழியை, இன்னும் இறக்குவேன். மிஸ் காடா துணியில் இரண்டு விதமாகத் தைத்துப் போடச் சொல்லிக் காட்டினார். குழி அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் தூக்கும். இறங்கினால் உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். முன்பக்கக் குழியைப் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடைய வேண்டும், கை முன்னால்தானே அதிகம் போகிறது! இன்றைக்கும் ஒவ்வொரு தடவை அந்த வளைவை வரையும்போதும் மனசு நிறைகிறது. என்னிடம் வருகிறவர்கள் மறுபடி வருவதும் அந்த வளைவுக்காகத்தான்.

இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா, மகளை அங்கே சேர்க்கலாமா என்று கேட்டார். போன வாரம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள் என்றிருப்பேன். இன்று வேண்டாம் என்று வாயில் வந்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது. சரி, முதலில் அந்தக் கூடத்தில் இப்போது எத்தனை பவர் மெஷின் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரலாம், திங்கட்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.