பாளையங்கோட்டை மாடியில் ஆறு ஞாயிறு: சாத்திய உலகங்கள் வகுப்பு

பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறு சாயங்காலம் தத்துவ வகுப்பு நடக்கிறது. ஆறு வாரம், 600 ரூபாய். எடுப்பவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நடந்த ஒன்று வேறு மாதிரி நடந்திருக்கலாமா, எது எப்படியும் மாறியிருக்க முடியாது, இதுதான் பாடம். எல்லாம் எப்படியெல்லாம் இருந்திருக்கலாமோ, அந்த ஒவ்வொரு விதத்துக்கும் "சாத்திய உலகம்" என்று பேர்.

முதல் நாள் சார் போர்டில் "லாம்" என்று எழுதினார். "மழை வரலாம்", "நீங்க உள்ள வரலாம்", ரெண்டு லாமும் ஒண்ணா என்றார். முதலாவது வாய்ப்பு, இரண்டாவது அனுமதி. பொழுதுக்கும் வாயில் புழங்குகிற சொல், அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம்தான் உச்சம். அன்றைக்குப் பாடம், 1970 ஜனவரியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி ஆற்றிய மூன்று சொற்பொழிவுகள். பக்கத்து பெஞ்சில் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர், அவரிடம் சார் கேட்டார்: "அண்ணாச்சி, இங்க கோட்டையே கட்டாம இருந்திருந்தா?" அவர் யோசிக்கவே இல்லை. "பேரு வேறயா இருந்திருக்கும். ஊரு இதே ஊருதானே சார்." சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். கிரிப்கி சொன்னதும் அதுதான்: பெயர் என்பது வர்ணனையின் சுருக்கம் இல்லை, எந்த உலகத்தைப் பற்றிப் பேசினாலும் நாம் சொல்கிற பெயர் அதே ஊரைத்தான் பிடிக்கும். அப்புறம் தண்ணீர். அது எச்2ஓ என்று சோதனை செய்துதான் கண்டுபிடித்தார்கள், ஆனாலும் தண்ணீர் வேறொன்றாக இருந்திருக்க முடியாது என்கிறார் கிரிப்கி. தாமிரபரணியைத் தாண்டி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

குறையும் உண்டு. எது சாத்தியம், எது கட்டாயம் என்று கணக்கிடும் எஸ்4, எஸ்5 என்ற தர்க்க முறைகளை சார் ஒரே மணி நேரத்தில் ஓட்டிவிட்டார். ஒரு உலகத்திலிருந்து எந்த உலகம் எட்டும் என்கிற இடம் பாதிப் பேருக்கு ஏறவில்லை, அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். ஜெராக்ஸ் தாள்களும் மங்கல்.

ஐந்தாவது வாரம் டேவிட் லூயிஸ், இவரும் அமெரிக்கத் தத்துவ அறிஞர். மற்ற உலகங்களும் நம் உலகம் போலவே நிஜம் என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, வகுப்பிலேயே சொன்னேன், சார் அரை மணி நேரம் பொறுமையாக வாதாடினார். ஆனால் 1973-ல் லூயிஸ் எழுதிய "இருந்திருந்தால்" கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை வீட்டில் அப்பாவின் கையெழுத்து நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டி மூழ்கிப்போனது. முந்தின நாளே பரணில் ஏற்றியிருந்தால்? எல்லாரும் "விடு, நடக்கணும்னு இருந்திருக்கு" என்றார்கள். சார் அப்படிச் சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையே பெய்யாத உலகம் நம் உலகத்திலிருந்து ரொம்ப மாறுபட்டது, அதனால் தூரத்தில் இருக்கிறது, அது இங்கே கணக்கில் வராது. அதே மழை, அதே வெள்ளம், பெட்டி மட்டும் பரணில், அந்தப் பக்கத்து உலகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டார். ஜன்னல் மட்டம் என்றேன்.

"அப்போ நோட்டு தப்பிச்சிருக்கும்" என்றார்.