மஞ்சக்குப்பம் தகர ஷெட்டு ஜிம்: ஏசி கிடையாது, மாஸ்டர் உண்டு

கடலூர்ல ஜிம் தேடுறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன், கண்ணாடி முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கணும், டிரெட்மில்ல நடந்துகிட்டே ரீல்ஸ் பாக்கணும்னா இது உங்களுக்கு செட் ஆகாது. மஞ்சக்குப்பத்துல ஸ்டேடியம் பக்கம் கொஞ்சம் உள்ள தள்ளி பளு தூக்கக் கத்துக்குடுக்குற ஒரு தகர ஷெட்டு, ரெண்டு மரப்பலகை பிளாட்ஃபார்ம், மூணு இரும்பு பார், அதுல மாட்டுற பெயிண்ட் உரிஞ்ச வெயிட் பிளேட்டுங்க, அவ்ளோதான். போர்டு கூட இல்ல. ஃபேன் ஒண்ணு இருக்கு, அதுவும் மாஸ்டர் பக்கம்தான் திரும்பியிருக்கும். இதுக்கு முன்ன நான் பணம் கட்டுன ஏசி ஜிம்ல (பேர் வேணாம் விடுங்க) வருஷ பேக்கேஜ மொத்தமா வாங்கிகிட்டு டிரெய்னர்னு ஒருத்தர காட்டுனாங்க, அவரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவரு போனவருதான்.

இங்க சேந்தா எடுத்த எடுப்புல மாஸ்டர் வெயிட்ட தொட விடமாட்டாரு. பிளம்பிங் பைப்பு ஒண்ணு குடுப்பாரு. அத ரெண்டு கையிலயும் அகலமா புடிச்சு தலைக்கு மேல தூக்கிட்டு அப்படியே முழுசா குத்த வச்சு உக்காரணும், குதிகால் தரைய விட்டு எழும்புச்சுன்னா "திரும்ப"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் பார் புடிக்கிறது, கட்டை விரல உள்ள மடிச்சு மத்த விரலால அது மேல பூட்டு போடணும், ஹூக் கிரிப்பு, கட்டை விரல் செவந்து போயி சட்டை பட்டன் போடவே முடியாது, ஆனா பழகிட்டா பார் நழுவவே நழுவாது. பக்கத்துல நின்னு முழங்கால், முதுகு, கழுத்துன்னு ஒவ்வொண்ணா பாத்து திருத்துறாரு பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம்.

சுவத்துல ஆஞ்சநேயர், பக்கத்துல நம்ம வேலூர் பளுதூக்குற வீரர் சதீஷ் சிவலிங்கம், அதுக்கும் பக்கத்துல லேமினேட் பண்ண ஒரு வெள்ளைக்காரர் போட்டோ. "அது யாரு, மாஸ்டர்?"னு கேட்டா போச்சு, கதைய ஆரம்பிச்சிடுவாரு, அன்னிக்கு ஒர்க்அவுட் அவ்ளோதான்.

பேரு பென் ஹெல்ஃப்காட். போலந்துல பியோட்ர்கூஃப்னு ஒரு ஊர்ல வளந்த யூதப் பையன். நாஜிங்க போலந்துல மொத மொதல்ல யூதர்கள தனியா அடைச்சு வச்ச கெட்டோ அந்த ஊர்லதான், 1939ல, அப்ப இவனுக்கு பத்து வயசு கூட முடியல. கண்ணாடி ஃபேக்டரில வேலைக்குப் போனான். 1942ல அம்மாவையும் சின்னத் தங்கச்சியையும் காட்டுக்குள்ள கொண்டு போயி சுட்டுட்டாங்க, போர் முடியப் போற நேரத்துல அப்பாவையும் சுட்டுட்டாங்க. இவன் புகன்வால்டு, ஷ்லீபன், தெரேசியன்ஸ்டாட்டுன்னு முகாம் மாத்தி முகாம் போயி 1945 மே மாசம் வெளிய வந்தான், 15 வயசு. சரி சொந்த ஊருக்குப் போவோம்னு போனா அங்க போலந்துக்காரங்க ரெண்டு பேரு, யூனிஃபார்ம் போட்டவங்க, புடிச்சுட்டுப் போயி சுடப் பாத்தாங்க, கெஞ்சிக் கூத்தாடி தப்பிச்சிருக்கான்.

அந்த ஆகஸ்ட்லயே விமானத்துல இங்கிலாந்து, விண்டர்மியர் ஏரிப் பக்கம். முகாம்ல தப்பிச்ச 1000 பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாம்னு அந்த ஊரு அரசாங்கம் பர்மிஷன் குடுத்துச்சு, ஆனா கடைசில வந்து சேந்தது 732 பேருதான். இத முன்ன நின்னு நடத்துனது சென்ட்ரல் பிரிட்டிஷ் ஃபண்டுங்கிற யூத நல அமைப்பு. 1948ல லண்டன் ஹாம்ப்ஸ்டட்ல யாரோ வெயிட் தூக்குறத பாத்துட்டு நானும் தூக்குறேன்னு போய் நின்னவரு, 1956 மெல்பர்ன், 1960 ரோம் ரெண்டு ஒலிம்பிக்லயும் பிரிட்டன் பளுதூக்குற டீமுக்கே கேப்டன்! மாஸ்டர் ஜோஷ்ல ஒலிம்பிக் மெடலும் சேத்துக் குடுத்துடுவாரு, அத நம்பாதீங்க, மெடல் வாங்குனது 1958 கார்டிஃப் காமன்வெல்த்ல, வெண்கலம். அப்பெல்லாம் போட்டில ஸ்நாட்ச் (தரையிலருந்து ஒரே வீச்சுல தலைக்கு மேல), க்ளீன் அண்ட் ஜெர்க் (மொதல்ல தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேல) கூட பிரெஸ்ஸும் (தோள்லருந்து கை பலத்துலயே மேல தள்ளுறது) உண்டு, பிரெஸ்ஸ 1972க்கு அப்புறம்தான் எடுத்தாங்க.

எனக்கு இதெல்லாம் விட புடிச்சது அவரு பின்னால பண்ணதுதான். கூட வந்த அந்தப் பிள்ளைங்கெல்லாம் வளந்து, அவங்களே 1963ல 45 எய்ட் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, தங்கள்ல கஷ்டப்படுறவங்கள பாத்துக்க, அப்படியே வெளியில இருக்குறவங்களுக்கும் உதவ. ஐம்பது வருஷத்துக்கு மேல இவருதான் சேர்மன். தன்ன சுடப் பாத்த அதே நாட்டுக்காரங்களோட யூதர்கள பேச வைக்கவும் அலைஞ்சிருக்காரு, அது நம்மளால முடியுமான்னு தெரியல. 2018ல சர் பட்டம், 2023ல 93 வயசுல போயிட்டாரு.

சும்மா போட்டோ மாட்டி வச்சிருக்காருன்னு நெனைக்காதீங்க. மேஜை மேல ஒரு பிஸ்கட் டின்னும் நோட்டும் இருக்கு, இங்க தூக்கக் கத்துகிட்டு போலீஸ், ரயில்வேன்னு வேலைக்குப் போன பழைய பசங்க மாசா மாசம் அதுல போடுறாங்க, இப்ப பாதிப் பேரு ஜிபே. தேவனாம்பட்டினத்துல இருந்து வர்ற பசங்களுக்கு முட்டை, போட்டிக்குப் போற பஸ் செலவு, எல்லாம் அதுலருந்துதான். யாரு போட்டா யாரு வாங்குனான்னு நோட்டுல பேரு இருக்காது, தொகை மட்டும்தான். அந்த சங்கத்த பாத்துதான் இத ஆரம்பிச்சேன்னு மாஸ்டர் சொல்றாரு.

மைனஸ்: பாத்ரூம் சுமார்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா பாருக்கு க்யூ. மே மாசம் தகரத்துக்கு அடியில நிக்க முடியாது, காலைலயே போயிடுங்க. லேடீஸுக்கு தனி நேரம் இல்ல, ஆனா ரெண்டு மூணு காலேஜ் பொண்ணுங்க வராங்க, ஒரு தொந்தரவும் கிடையாது. ஃபீஸ் மாசம் 500, ஸ்டூடண்ட்டுனா கம்மி. ஞாயிறு லீவு. செருப்போட வந்தா பார தொட விடமாட்டாரு, ஷூ இல்ல மாஸ்டர்னா பெஞ்சுக்கு அடியில கிடக்குற பழைய ஜோடிய எடுத்துக் குடுப்பாரு, 8ம் நம்பருக்கு மேல இல்ல.